ஒரே பொட்டியில் ரெண்டு குடித்தனம்

கம்ப்யூட்டர் மாட்டித் தருகிற தொழிலில் திருகாணி தினமும் தொலையும், பொறுமை மணிக்கொரு தரம் தொலையும். திருகாணியாவது மேசைக்கடியில் குனிந்து தேடினால் கிடைக்கும். இதைப் படிக்கிறவர்களில், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு காதில் டெலிபோனுமாக வயிறு வளர்த்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். "ஆன் பண்ணுனா வரலைங்க" என்று ஒருவர் சொன்னதும், "பிளக் மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு குறுக்குச் சந்தில் எங்கள் கடை. முதலாளி நாச்சிமுத்து அண்ணன் அதுவரை பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். கடையில் பாதியை மோட்டாருக்கு வைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் கம்ப்யூட்டர் மாட்டி விற்க ஆரம்பித்தார். அந்த மீதிப் பாதிக்கு நான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு மோட்டார் வார்னிஷ் வாசனையில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்பங்க வருவாரு?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சுள்ளென்று கோபம் வரும். பிறகு பழகிவிட்டது. "சாப்புடப் போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே மெஷினைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

எத்தனையோ மெஷின்கள் மாட்டினேன். ஆனால் இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு மெஷினைப் பற்றி. நாலு ஜிபி ஹார்ட் டிஸ்க், முப்பத்திரண்டு எம்பி மெமரி, பதினாலு இஞ்ச் மானிட்டர். கடையில் இருந்ததிலேயே கையைக் கடிக்காத மெஷின் அதுதான்.

ஒரு போர், ரெண்டு மோட்டார்

அதை வாங்க கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஒரு அண்ணியும் கொழுந்தனும் வந்தார்கள். அண்ணி பெயர் கோகிலா. வீட்டில் சொந்த அச்சகம். கணவர் தங்கவேல் மெஷின் ஓட்டுகிறார். கல்யாணப் பத்திரிகை எழுத்துக் கோக்க மட்டும் ஒவ்வொரு தடவையும் ஈரோட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதைத் தானே செய்வதாகச் சொல்லி, ஆறு மாதம் பஸ்ஸில் போய் டிடிபி கற்றுக்கொண்டு வந்திருந்தார் கோகிலாக்கா. அவருக்கு விண்டோஸ் வேண்டும். கொழுந்தன் பிரபு பெருந்துறைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி எம்.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறவன். அவனுடைய புராஜெக்ட் லினக்ஸில். வீட்டில் ஒரு மெஷினுக்குத்தான் அனுமதி. அதுவும் மாமியார் பாவாயம்மாள் போட்ட நிபந்தனையோடு. மெஷின் ரெண்டு பேருக்கும் பயன்பட வேண்டும். அதனால் ரெண்டு பேரில் ஒருவர் கண்ணில் தண்ணீர் வந்தாலும் அது வந்த வழியே கடைக்குத் திரும்பிவிடும்.

ஒரு கம்ப்யூட்டர் மாத இதழோடு வந்த சிடியை வைத்துக் கடை மெஷினில் நான் லினக்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வாய் சும்மா இருக்குமா? "ஒரே மெஷின்ல ரெண்டும் ஓடுங்க. எது வேணுமோ அதை ஆன் பண்றப்ப சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் முகம்தான் சுருங்கியது. என்னை மோட்டார் பக்கம் கூட்டிப் போய், இந்த மெஷின் திரும்பி வந்தால் இனி என் பரிசோதனைகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி, பில் போடுகிற நாற்காலியில்தான் நான் உட்கார வேண்டும் என்றார். எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே அழுகை வரும். "திரும்பி வராதுங்கண்ணா" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரு போர்ல ரெண்டு மோட்டார் எறக்குனா ரெண்டுமே தண்ணி எடுக்காதுங்க அம்மணி."

பாகம் பிரிக்க வந்தவள்

ஒரு டிஸ்கில் இரண்டு சிஸ்டம் போட வேண்டுமானால் முதலில் டிஸ்கைப் பிரிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு இடம் என்று கேட்க, கோபியில் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பாவாயம்மாள். "கோயமுத்தூர்ல இருந்து பேசறனுங்க. பார்ட்டிஷன் எப்படிப் போடறதுன்னு கோகிலாக்காகிட்டக் கேக்கோணுங்க. ரெண்டு பேருக்கும் சரிபாதியா, இல்ல அவங்களுக்குக் கொஞ்சம் சேர்த்திப் போடலாமுங்களா?" என்றேன். மறுமுனையில் போன் வைக்கப்பட்டுவிட்டது. லைன் கட்டாகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் பார்ட்டிஷன் என்ற சொல்லுக்குச் சொத்தைப் பாகம் பிரிப்பது என்ற ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பதும், அதற்குப் பத்திர ஆபீஸுக்குப் போக வேண்டும் என்பதும் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பாவாயம்மாள், தங்கவேல் அண்ணன், நியாயம் பேச ஒரு மாமா. கடைசியாக அழுது வீங்கிய முகத்தோடு கோகிலாக்கா. "எந்த வக்கீலுங்க இங்க? எம் மருமகளுக்குச் சேர்த்திப் போடச் சொன்ன அம்மணி யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே பாவாயம்மாள் உள்ளே வந்தார். அவருடைய வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பாகம் பிரித்துக்கொண்ட நாளில் இருந்து, ஒருவர் சாவுக்கு மற்றவர் வந்ததோடு சரி. தான் உயிரோடு இருக்கிற வரைக்கும் மகன்கள் பிரியக் கூடாது என்று அந்த அம்மா வைராக்கியமாக இருந்தார். நான் போட்ட ஒரு போனில் அந்த வீட்டில் ராத்திரி உலை வைக்கவில்லை. கோகிலாக்காவிடம் யாரும் பேசவும் இல்லை.

ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்து, சாக்பீஸால் மேசையிலேயே ஒரு கட்டம் வரைந்து, குறுக்கே கோடு போட்டு, அக்கட்டால பிரபு, இக்கட்டால கோகிலாக்கா என்று மூச்சு வாங்க விளக்கினேன். மாமா முதலில் சிரித்தார். தங்கவேல் அண்ணன் சுவரைப் பார்த்துச் சிரித்தார். பாவாயம்மாள் சிரிக்கவில்லை. டிஸ்கைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, எடை பார்த்தார்.

"இத்துனூண்டுக்குள்ள வரப்புப் போடறதுக்குத்தான் நேத்துல இருந்து எங்கூட்ல நாங்க சோறு திங்காமக் கெடந்தமுங்களா?"

முகம் எந்தப் பக்கம்

பாவாயம்மாள் உத்தரவுப்படி டிஸ்க் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கடையிலேயே விண்டோஸ் ஏற்றிவிட்டேன். லினக்ஸ் ஏற்றுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிரபு கேட்டதால் அதை மட்டும் கோபி வீட்டில் வைத்துக்கொண்டோம். மெஷினை மேசையில் வைத்து, வயர் எல்லாம் மாட்டிவிட்டு, கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் பாவாயம்மாள் பூசையை முடித்திருந்தார். மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு, சிபியு நெற்றியில் ஒரு பொட்டு, கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு நடுவில் ஒன்று. மௌஸுக்கு மட்டும் இல்லை. அது எலியென்று பிரபு சொல்லிவிட்டானாம்.

சிடியைப் போட்டேன். முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போனது. பிறகு டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. திரை அப்படியே நின்றது. புது டிரைவ் அதற்குள் போய்விட்டதோ என்று தோன்றியது. சிடியை வெளியே எடுத்துத் திருப்பினால், படிக்கிற பக்கத்தில், பளபளக்கும் தட்டின் நடுவில், காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும். நல்லவேளை, தண்ணீரில் நனைத்த வேட்டித் துணியால் மெல்லத் துடைத்ததும் போய்விட்டது. மறுபடி போட்டதும் ஓடியது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. பாவாயம்மாளே பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"மினுக்கு மினுக்குன்னு இருக்கறதுதானுங்களே மொகமா இருக்கும்? பேரு எழுதியிருக்கற பக்கம் முதுகுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

எந்த ரூட்

ஆன் செய்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மெஷின் கேட்கும். அப்படிக் கேட்கிற சின்ன புரோகிராமுக்கு லிலோ என்று பெயர். ஐந்து விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அதுவாக லினக்ஸ் பக்கம் போய்விடும். ஒரு காலையில் கோகிலாக்கா சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஓடியிருக்கிறார். திரும்பி வந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்குப் போன் வந்தது. "கோகிலான்னு அடிச்சேன், தப்புங்குது. தங்கவேல்னு அடிச்சேன், அதுவும் தப்புங்குது. அத்தை பேரைக்கூட அடிச்சுப் பார்த்துட்டனுங்க."

லினக்ஸில் வீட்டுக்குப் பெரியவர் என்ற பொறுப்பில் உள்ளே போகிறவருக்கு ரூட் என்று பெயர். அந்தப் பெயரில் நுழைந்து, மெஷினை முறையாக நிறுத்திவிட்டு, மறுபடி ஆன் செய்யச் சொல்லலாம் என்று நினைத்தேன். "அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. மொதல்ல ரூட்னு அடிங்க" என்றேன்.

"எந்த ரூட்டுங்க அம்மணி, சத்தி பஸ் ரூட்டா, அந்தியூர் ரூட்டா?"

யார் முதலில்

இந்தப் பால் பொங்கும் விவகாரம் வாரத்துக்கு மூன்று தடவை நடந்தது. பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் போகும்படி மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை மாற்ற ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி கோபி போனேன். பிரபு ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் முறுக்கிக்கொண்டான். "அண்ணிக்குத் தானா வருமாமா, எனக்கு மட்டும் அஞ்சு செகண்டுக்குள்ள அடிச்சுச் சொல்லோணுமாமா? பாதி டிஸ்க் என்னுதுதானுங்களே?" கோகிலாக்கா உடனே, "தம்பிக்கே இருக்கட்டுங்க. நான் பாலை அப்பறமா வெச்சுக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷின் திரும்பி வரும் நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பாவாயம்மாள் கொல்லைப்புறத்தில் இருந்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மெஷின் எப்படிக் கேட்கும், யாருக்காக எத்தனை விநாடி காத்திருக்கும் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம் மகனைப் பார்த்துத் தீர்ப்பைச் சொன்னார்.

"மூத்தவ உக்கோந்திருக்கறப்ப எளையவன் மொதல்ல சோத்துல கை நனைக்கறது எங்கூட்ல இல்ல கண்ணு, பொட்டிக்குள்ளயும் அப்படித்தான்."

எல், ஐ

பிரபுவுக்குக் கை சும்மா இருக்காது. எல்லா எம்.சி.ஏ. மாணவர்களுக்கும் உள்ள வியாதிதான். மெஷின் ஆனாகும்போது ஒரு பட்டனை அமுக்கினால் நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும் அல்லவா, அதில் ஹார்ட் டிஸ்க் பற்றிய இடத்தில் எதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, பழையபடி வைக்க மறந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். லிலோவுக்கு அது பிடிக்காது. தன் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். பெயர் முழுதாக வந்தால் நலம், பாதியில் நின்றால் கோளாறு என்று அர்த்தம்.

கோகிலாக்கா முக்கால் மணி நேரம் மெஷின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். புது மெஷின், எழுதிப் பழகுகிறது, அவசரப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டாராம். பிறகுதான் எனக்குப் போன் செய்தார். போனிலேயே நீலப் பக்கத்துக்குள் அவரை அழைத்துப் போய், அம்புக்குறி அம்புக்குறியாக நகர்த்தி, பிரபு மாற்றியதைப் பழையபடி மாற்ற வைத்தேன். அந்த முக்கால் மணி நேரத்தையும் அவர் எப்படிப் பொறுத்தார் என்பது, அவர் முதலில் கேட்ட கேள்வியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எல், ஐன்னு ரெண்டெழுத்து எழுதிப்போட்டு நிக்குதுங்க, மிச்சத்தை ராகு காலம் முடிஞ்சு எழுதுங்களா?"

கே-யா, ஜி-யா

ஆவணி பிறந்தது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். ஈரோட்டுக்கு ஓடாமல் கோபியிலேயே பத்திரிகை அடித்துத் தருகிறார்கள் என்று பேர் பரவி, கோகிலாக்காவிடம் பதினான்கு கல்யாணங்கள் சேர்ந்துவிட்டன. பதினான்கையும் அடித்து, திருத்தி, மெஷினில் சேமித்து வைத்திருந்தார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அன்று பகல் முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, அதில் விண்டோஸ் பக்கம் அடியோடு படுத்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். மறுநாள் காலை எனக்குப் போன். பேசியது கோகிலாக்கா இல்லை, பாவாயம்மாள். "வண்டியோட வாங்க. அவ அழுதுட்டா. பொட்டியை ஏத்திட்டுப் போயிருங்க."

வண்டி எடுக்காமல் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் பில் போடுகிற நாற்காலி கண்ணுக்குள் நின்றது. அதைவிட, பதினான்கு வீட்டுக் கல்யாணம். மேசைமேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார் கோகிலாக்கா. தங்கவேல் அண்ணன் ஓடாத அச்சு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் பாவாயம்மாள், மெஷினைக் கட்டக் கயிறு சகிதமாக. "அம்மா, ஒரு மணி நேரம் குடுங்க. கோகிலாக்கா பக்கம்தான் கதவு தொறக்கலை. பிரபு பக்கம் நல்லாத்தான் இருக்குது. அவன் பக்கமாப் போயி, அங்கிருந்து இவங்க பக்கத்துக் கதவைத் தொறந்து சாமானை எடுத்துரலாம்" என்றேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு வாசல் என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கயிறு கீழே போனது.

லினக்ஸ் வந்தது. ரூட் என்று அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. நான் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை அடித்தேன், தப்பு என்றது. அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான்தான் பிரபுவுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். பிள்ளை சொன்னபடி கேட்டிருக்கிறான். ஹாஸ்டலுக்குப் போன் போட்டோம். போன் கூடத்தில், மெஷின் உள் அறையில். நான் மெஷின் முன்னால், பாவாயம்மாள் போனில். பிரபு லைனுக்கு வந்தான். "அம்மணிகிட்டக் குடுங்கம்மா" என்றானாம். "அவ அங்க கை வேலையா இருக்கறா, எங்கிட்டச் சொல்லு" என்றார் இவர். அவன் மழுப்பினானாம். "ஏன்டா, உங்கண்ணி காலைல இருந்து அழுதுட்டிருக்கறா. பதினாலு கல்யாணம் நிக்குது. சொல்றியா, இல்லையா?" அடுத்து பாவாயம்மாளின் குரல், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வந்தது: "சுகந்தியாமா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோகிலாக்கா தலையை நிமிர்த்தினார். சுகந்தியை ஆங்கிலத்தில் அடித்தேன்; தப்பு. வேறு வழியில்லை. "அம்மா, நடுவுல வர்ற எழுத்து கே-யா, ஜி-யான்னு கேளுங்க!" பாவாயம்மாள் போனில், "கே-யாமா, ஜி-யாமா?" என்று கேட்டு, "ஜி-யாமா!" என்று எனக்குச் சொன்னார். மறுபடி தப்பு. "தி-ல டி ஹெச்சா, டி மட்டுமா?" அதுவும் போய் வந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சுகந்தி என்ற அந்தப் பெண் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தாள். "இது கம்ப்யூட்டர் வார்த்தைங்கம்மா" என்று சமாளித்துப் பார்த்தேன். அவர் அடுத்த எழுத்தைக் கேட்டுச் சொன்னார். நான்காவது தடவை கதவு திறந்தது. விண்டோஸ் பக்கத்தைத் திறந்து பட்டியல் எடுத்தேன். மணமக்கள் பெயர் பெயராக, பதினான்கும் வரிசையாகத் திரையில் இறங்கின. கோகிலாக்கா விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மெஷின் முன்னாலும் உட்கார்ந்ததில்லை.

பதினான்கு பத்திரிகையும், அவற்றுக்கான தமிழ் எழுத்துருவும் சேர்ந்து கொழுந்தனார் பக்கத்துக்குக் குடிபோயின. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அது தட்டிவிட்ட லிலோவை பிளாப்பி வைத்து மறுபடி உட்கார்த்தி, எல்லாவற்றையும் அண்ணி பக்கம் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அச்சு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. திரையில் பட்டியல் இறங்கி, "பதினாலும் இருக்குதுங்க அத்தை" என்று கோகிலாக்கா கத்தியபோது, பாவாயம்மாள் போனை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் பிரபுவும் வைக்கவில்லை, பாவம், வைக்கத் தைரியம் இருந்திருக்காது. கூடத்தில் இருந்து அவர் குரல் இப்போது தணிந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அண்ணி பத்திரிகையெல்லாம் பத்திரமா வந்துருச்சு கண்ணு, இனி அந்தச் சுகந்தி யாரு ஊட்டுப் புள்ளைன்னு சொல்லு, உம் பத்திரிகைல அவங்கப்பன் பேரு போடோணுமல்ல."

பாஸ்வேர்டே கேட்காமல் அந்த மெஷினுக்குள் நுழைய ஒரு சுலபமான வழி உண்டு என்பதைப் பிரபு-சுகந்தி கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையே என் காதில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன் என்பதால், இத்தனை வருஷத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்துவைத்த ஒரே நல்ல காரியம் எனக்குத் தொழில் முழுதாகத் தெரியாததால்தான் நடந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.